பிள்ளைகளோடு நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு: பொது இடங்களில் நடந்துகொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டை ஒட்டிச் சில அறைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போனில் பேசுகிறவர்கள் குளிர் எப்படி, சாப்பாடு கிடைக்குமா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கி, "சின்னப் பசங்க இருக்காங்க, பரவாயில்லையா?" என்பார்கள். தாராளமாகக் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுக்கும் வெறிச்சென்றுதான் இருக்கும்.

ஆனால் மே மாத சீசனில் ரயில், பூங்கா, ஓட்டல் என்று எங்கே போனாலும் பிள்ளைகளை வைத்து ஒரு சண்டையாவது நடக்கிறது. பிள்ளை செய்தது பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். பெற்றவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காததுதான் சண்டையாகியிருக்கும். விருந்தினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதனிடம் போய் ஒழுங்கை எதிர்பார்க்கலாமா?

எதிர்பார்க்க முடியாது. அந்த வயதில் ஒழுங்கு முழுக்க உங்கள் பொறுப்பு; பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். நாலைந்து வயதில் "இங்கே மெதுவாப் பேசணும்" என்றால் புரியும், பத்து நிமிடத்தில் மறந்தும் போகும். அலுத்துக்கொள்ளாமல் மறுபடி சொல்லத்தான் வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேல் காரணத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 7 வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு. 7 முதல் 12 வயது வரை, செய்த காரியத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறது அடுத்த பிரிவு. அதற்காக உடைந்த பூந்தொட்டிக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. பிள்ளையிடம் கேட்க முடியாததை ஊர் உங்களிடம் கேட்கும். கேட்பது நியாயம்தான்.

வயதைவிட முக்கியம், முன்கூட்டியே சொல்லிவைப்பது. காரிலிருந்து இறங்கும் முன் ஒரு நிமிடம் போதும். "உள்ளே நிறையப் பூ இருக்கும். பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், பறிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். "சமத்தா இருக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால், எது சமத்து என்று பிள்ளைக்குத் தெரியாது.

மலை ரயிலில் ஊட்டி வரை பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

முதலில் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர மதியம் ஆகிவிடும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்கும். என்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏற, என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரியவர்களுக்கு இதெல்லாம் கடைசி வரை ஆச்சரியம். நாலு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேர ஆச்சரியம், அப்புறம் "எப்போ வரும்?" தொடங்கிவிடும். அந்த மீதி நேரத்துக்குத்தான் நீங்கள் தயாராக வர வேண்டும். வரைய நோட்டு, உரித்துச் சாப்பிட ஆரஞ்சு, நடுவில் தூங்கினால் போர்த்த ஒரு சால்வை. இது இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

பெட்டிக்குள் சண்டை வருவது ஜன்னலுக்காகத்தான். எதிரெதிர் பலகை இருக்கையில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலோரம் உங்கள் இடமாக இல்லாவிட்டால், அங்கே இருப்பவரின் மடிமேல் உங்கள் பிள்ளை ஏறுவதைச் சிரித்துக்கொண்டு பார்க்காதீர்கள். "கொஞ்ச நேரம் இவ பார்க்கலாமாங்க?" என்று கேளுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. உங்கள் இரண்டு பிள்ளைகளே அடித்துக்கொண்டால் குகைக் கணக்கு வையுங்கள். வழியில் ரயில் நுழைந்து போகும் 16 குகைகள் இருக்கின்றன; இரண்டு குகைக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டால், எண்ணுவதிலேயே பாதிப் பயணம் போய்விடும்.

குகைக்குள் பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும். பெட்டி முழுக்கவே கத்தும், அது இந்த ரயிலில் ஒரு பழக்கம். வெளிச்சம் வந்த பிறகும் நிறுத்தாமல் கத்தினால் மட்டும் சொல்லுங்கள்.

கை, தலை எதுவும் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது. பாறையை வெட்டிப் போட்ட பாதை இது, சில இடங்களில் பாறை மிக அருகில் வரும். பெட்டிகளில் கொடியோடு நிற்கும் பிரேக்மேனை ஏறும்போதே பிள்ளைக்குக் காட்டுங்கள். என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால் இருப்பதைக் கொடி காட்டிச் சொல்பவர்கள் அவர்கள்தான். வண்டி ஓடும்போது அவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது பிள்ளைக்கு எளிதாகப் புரியும். நின்றதும் போய் டாட்டா காட்டட்டும்.

5 வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்றால் இருக்கையும் இல்லை. மடியில்தான்.

மலைப்பாதையில் பிள்ளை வாந்தி எடுத்தால்? அதுவும் பஸ்ஸில்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36. வாந்தி எடுப்பது பிள்ளையின் குற்றமில்லை, உங்கள் குற்றமும் இல்லை. அதற்குத் தயாராக வராமல் இருப்பதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை.

கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். ஏறும்போது போனைக் கையில் கொடுக்காதீர்கள். குனிந்து திரையைப் பார்த்தால் குமட்டல் சீக்கிரம் வரும். முன் இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், தூரத்து மலையைக் காட்டிக்கொண்டே வாருங்கள். நீலகிரியில் பாலித்தீன் பைக்குத் தடை இருப்பதால், மூடி இறுக்கமான பழைய டப்பா ஒன்றை எடுத்து வாருங்கள். அடியில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டால் சிந்தாது. ஒரு பழைய துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், மாற்றுச் சட்டை. இவ்வளவும் மேலே கேரியரில் இருக்கக் கூடாது, காலடியில் இருக்க வேண்டும்.

பஸ் ஜன்னல் வழியாக வெளியே எடுக்க வைத்தால் பின் ஜன்னலில் இருப்பவர் மேல்தான் படும். எதிரே வண்டி உரசிக்கொண்டு போகும் பாதையில் பிள்ளையின் தலையை வெளியே நீட்டுவது ஆபத்தும்கூட.

ஒருமுறை காட்டேரிக்குக் கொஞ்சம் கீழே, பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் குழந்தை திடீரென்று வாந்தி எடுத்துவிட்டது. அதன் அப்பா பதறவில்லை. பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றிருந்தவரிடம் "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் செருப்பைத் துடைத்தார், அப்புறம் தரையை. அடுத்த நிமிடமே பின்னாலிருந்து ஒரு அம்மா எலுமிச்சம்பழம் நீட்டினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், செருப்பு நனைந்தவரே எழுந்து பிள்ளைக்குக் காற்று வரும்படி ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்த அப்பா எழுந்த வேகம்தான் பஸ் முழுவதையும் அவர் பக்கம் திருப்பியது. அதே இடத்தில் "குழந்தைதானே, என்ன பண்றது" என்று உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பஸ்ஸில் பிள்ளைக்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாமா?

தமிழ்நாடு அரசு பஸ்களில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது. 2022ல் வந்த அறிவிப்பு. பஸ் காலியாக இருந்தால் பிள்ளை தனியாக உட்காரட்டும். ஆள் ஏறினால் மடியில் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பலர் நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போட என் பையன் ஆசைப்படுகிறான். ஒரே ஒரு பிஸ்கட்தானே?

வேண்டாம். கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்கு, கொடுக்காத பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும். ஹில்குரோவ் ஸ்டேஷனில் மலை ரயில் நிற்கும்போது சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்குகிற பிள்ளைகளிடம் இதுதான் நடக்கிறது. மலைப்பாதையோரம் கார்களிலிருந்து தின்பண்டம் வீசுவதால் குரங்குகள் சாலையிலேயே உட்கார்ந்து, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. இதைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகூட பிஸ்கட்டை உள்ளே வைத்துவிடும். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் வனத்துறை அபராதம் போடும் என்பதையும் பெரியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

குரங்கு பக்கத்தில் வந்தால் பிள்ளை ஓடக் கூடாது, முறைத்துப் பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைப் பைக்குள் வைத்துவிட்டு மெதுவாக நகர வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி குரங்குக்கடிக்கும் வேண்டும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமைகள் மேயும். பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், நம்பிவிடக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே பின்வாங்குங்கள். முதுமலை வழியாகப் போனால் நடுவில் வண்டியை நிறுத்தவும் இறங்கவும் கூடாது. "அவசரம்" என்று பிள்ளை சொல்லும் முன்பே, காட்டுக்குள் நுழையும் முன் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

ஓட்டலில் பிள்ளை மேசை மேசையாக ஓடுகிறது. உட்கார வைத்தால் அழுகிறது. என்ன செய்ய?

ஓடுவது பொறுக்க முடியாததற்கு முதல் காரணம் சத்தம் இல்லை, சூடு. இந்தக் குளிரில் எல்லாரும் கேட்பது கொதிக்கக் கொதிக்க சாம்பாரும் காபியும்தான். பரிமாறுகிறவர் கையில் தட்டை அடுக்கிக்கொண்டு திரும்பும்போது, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஓடும் பிள்ளை அவர் கண்ணில் படாது. பிள்ளை மேல் கொட்டினால் திட்டு வாங்குவது அவர். பெரும்பாலும் எங்கிருந்தோ வேலைக்கு வந்த இருபது வயதுப் பையன், முதலாளியிடமும் வாங்குவான், உங்களிடமும் வாங்குவான்.

சீசனில் இலை போட அரை மணி நேரம் ஆகலாம். ஒருவர் மேசையில் இருக்க, இன்னொருவர் பிள்ளையை வெளியே நடக்கக் கூட்டிப் போகலாம். சாப்பாடு வந்ததும் போன் செய்யலாம். பசி முற்றும் முன்பே ஏதாவது கொடுத்துவிடுங்கள். பேக்கரியில் கிடைக்கும் ஊட்டி வர்க்கி இரண்டு பையில் இருந்தால் பல அழுகைகள் தள்ளிப்போகும். (2023ல் புவிசார் குறியீடு பெற்ற வர்க்கி அது. பொறுபொறுவென்று உதிரும், மேசையைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.)

போனைக் கொடுத்து உட்கார வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். களைத்த பெற்றோருக்கு அந்தப் பத்து நிமிடம் தேவைப்படும். ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள்.

"இந்த அங்கிள் திட்டுவார்", "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்று சொல்லித்தான் அடக்க முடிகிறது. அதில் என்ன தப்பு?

நம் ஊரில் இது அவ்வளவு சகஜமாகிவிட்டதால் தப்பாகவே தெரிவதில்லை. ஆனால் பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். பூவைப் பறிக்கக் கூடாது என்பது அம்மாவின் பேச்சு இல்லை, அந்தக் காக்கிச் சட்டைக்காரரின் பேச்சு. அப்படியானால் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பறிக்கலாம். அம்மா நம் பக்கம், அங்கிள்தான் கெட்டவர்.

இன்னொரு பெரிய கெடுதலும் உண்டு. கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் அது உதவி கேட்க வேண்டியது இதே போலீஸ்காரரிடமும் காவலாளியிடமும்தான். பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லி வளர்த்த பிள்ளை அவரைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும்.

"நான் சொல்றேன், பறிக்கக் கூடாது. பறிச்சா அடுத்து வர்ற பாப்பாவுக்குப் பூ இருக்காது" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நகருங்கள். அங்கிளை விட்டுவிடுங்கள், அவர் அவர் வேலையைப் பார்க்கட்டும்.

முன்பின் தெரியாத ஒருவர் என் பிள்ளையைக் கண்டித்தால் கோபம் வருகிறது. வரக் கூடாதா?

வரும். பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் முதலில் பிள்ளை என்ன செய்தது என்று பாருங்கள், அவர் சொன்ன தொனியை அப்புறம் பார்க்கலாம். "தம்பி, அதைத் தொடாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். "நீங்க யாரு எம் பிள்ளையைச் சொல்ல?" என்று பிள்ளை எதிரிலேயே கேட்டால், அடுத்த முறை யார் எதைச் சொன்னாலும் அது கேட்காது. அவர் கை வைத்தால், கெட்ட வார்த்தை பேசினால் கதை வேறு. அப்போது பிள்ளையின் பக்கம் உறுதியாக நில்லுங்கள்.

மற்றவர் பிள்ளையை நீங்கள் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம். டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் போன்ற காட்சிமுனைகளில் கம்பித் தடுப்பின்மேல் ஏறும் பிள்ளை யாருடையதாக இருந்தாலும் இறக்கிவிடுங்கள். வெறும் தொந்தரவு என்றால் முதலில் பெற்றவரிடம் சொல்லுங்கள். "உங்க பொண்ணா? சுறுசுறுப்பா இருக்கா. என் சீட்டை உதைச்சுட்டே இருக்கா, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றால் யாரும் முறைக்க மாட்டார்கள். "பிள்ளையை வளர்க்கத் தெரியலையா?" என்று தொடங்கினால் சரியாக வேண்டிய விஷயமும் சரியாகாது.

தாத்தா பாட்டி கூட வந்தால் நாங்கள் சொல்வது எடுபடுவதே இல்லை. "குழந்தைதானே, விடு" என்கிறார்கள்.

பிள்ளை எதிரில் அவர்களோடு வாதாட வேண்டாம். முதல் நாள் இரவே தனியாகப் பேசிவிடுங்கள்: "அப்பா, நாளைக்கு ரயில்ல நான் சொல்றதுக்கு நீங்களும் ஆமாம் போடணும்." அதோடு தாத்தாவுக்கே ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் பேரனின் கை அவர் கையில்தான் என்று சொன்னால், அவரைவிடக் கறாரான ஆள் கிடைக்க மாட்டார்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைக் கூடாது?

புல்வெளியில் அனுமதிக்கும் இடத்தில் உருளட்டும், ஓடட்டும். இவ்வளவு பெரிய புல்வெளி எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? 1848ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் போட ஆரம்பித்த பூங்கா, 22 ஹெக்டேர். பாத்திகளிலும் தொட்டிகளிலும் கை வைக்கக் கூடாது. மே மாத மலர்க்காட்சிக்காக மாதக்கணக்கில் தொழிலாளர்கள் வளர்த்து அடுக்கிய தொட்டிகள் அவை. அங்கே இருக்கும் கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், 2 கோடி ஆண்டுப் பழையது. ஏறி நின்று போட்டோ எடுக்கும் இடமில்லை. கீழே உதிர்ந்த இதழையும் இலையையும் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பறிக்காமல் இருப்பதற்கு அது நல்ல மாற்று.

பூங்காவின் மேல்பகுதியில் தோடர் பழங்குடியினரின் மந்து (அவர்களின் குடியிருப்பு) இருக்கிறது. அரைவட்டக் கூரையும், தவழ்ந்துதான் நுழைய முடிகிற சின்ன வாசலும் கொண்ட கட்டடத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு உள்ளே புகுந்து பார்க்கத் தோன்றும். அப்படிப்பட்ட கட்டடங்களில் கோயிலும் உண்டு. தோடர்களே பூசாரியைத் தவிர யாரும் கோயிலுக்குள் போவதில்லை. சுற்றியுள்ள கல்சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்துங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அதையும் பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். நம் வாசலில் யாராவது வந்து கேட்காமல் போனை நீட்டினால் நாம் சும்மா இருக்க மாட்டோம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் பிள்ளைகளைப் போட்டோ எடுக்கலாமா?

அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு மொட்டு, இரண்டு இலை என்று பறிக்கும் கொழுந்தில் தொழிலாளியின் கூலி இருக்கிறது. பிள்ளை விளையாட்டுக்கு உருவிப் போடுவது அதைத்தான். மருந்து அடித்த செடியைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைக்கும். மழைக்காலத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டை வேறு. சாலையோரம் நின்றே நல்ல படம் கிடைக்கும்.

டயாபரை எங்கே போடுவது? அவசரத்துக்குச் சாலையோரம் உட்கார வைக்கலாமா?

டயாபரைச் சரிவில் வீசாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கும் ஓடையில் ஒவ்வொரு சீசன் முடிந்ததும் ஊறிப் பருத்த டயாபர்கள் முள்செடியில் சிக்கிக் கிடக்கும். நாயும் குரங்கும் கிழித்துப் போட்டிருக்கும். அந்த ஓடைத் தண்ணீர் கீழே எங்கெங்கோ போகிறது. அதைப் பொறுக்கி எடுப்பவர் கையால்தான் எடுக்கிறார். செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, தங்கும் இடத்துக்கே கொண்டு வந்து குப்பைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். ஒருநாள் காரில் இருந்தால் ஒன்றும் ஆகாது.

சாலையோரம் என்பது கடைசி வழி. சீசனில் குன்னூர் - ஊட்டிச் சாலை மணிக்கணக்கில் நெரியும். அதனால் எங்கே கழிப்பறை கண்ணில் பட்டாலும் "இப்ப வரலை" என்கிற பிள்ளையையும் ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள். கட்டணம் வாங்கும் இடமென்றால் கொடுத்துவிட்டு, போன பின் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் இதைச் செய்யும்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். ஒருமுறை குடித்து எறியும் பாட்டிலுக்கு இங்கே தடை. பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் தாங்களே காசு போட்டுப் பிடித்துக்கொள்ள ஆசைப்படுவார்கள்.

ஏரிக்கரைக் கடையில் பொம்மை கேட்டுத் தரையில் புரண்டு அழுதால்?

பெரும்பாலும் அது பொம்மைக்கான அழுகை இல்லை. விடியற்காலையில் எழுப்பி, வளைவில் ஆட்டி, ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினால் எந்தப் பிள்ளையும் சாயங்காலம் உடைந்துபோகும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும் என்று எங்கள் விருந்தினர்களிடம் சொல்வேன். மதியம் ஒரு தூக்கம் போட்ட பிள்ளையும் போடாத பிள்ளையும் வேறு வேறு பிள்ளைகள்.

அழ ஆரம்பித்துவிட்டால் கூட்டத்திலிருந்து தள்ளி ஓரமாகத் தூக்கிப் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ரொம்பப் பேச வேண்டாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அடிக்காதீர்கள். அந்த அடி பிள்ளைக்காக விழுவதில்லை, பார்க்கிறவர்களுக்காக விழுகிறது. வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் அழுகைக்கு முன்பே வாங்கிக் கொடுங்கள். அழுத பின் கொடுத்தால் அடுத்த கடையிலும் இதே கதைதான்.

கைக்குழந்தை ரயிலில் நிறுத்தாமல் அழுதால்?

அழுகிற குழந்தையை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முறைக்கிறவர்களை விட்டுவிடுங்கள். பால் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஆண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். குளிரில் குழந்தையின் காதை மூடி வையுங்கள்.

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். திடீர் சத்தத்துக்குக் கத்திவிடுவான். எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள்.

நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே ஒரு வரி சொன்னால் பயணம் எளிதாகும் என்று இப்படி வந்த ஒரு அம்மா எங்களிடம் சொன்னார். அது உங்கள் விருப்பம். நீராவி என்ஜினின் விசில் பலமாக இருக்கும். பின்னால் என்ஜினை ஒட்டிய பெட்டியில் இன்னும் பலம், அதனால் முன்பெட்டியில் இடம் கிடைக்குமா பாருங்கள். காதை மூடும் ஹெட்போன் எடுத்து வாருங்கள். பூங்காக்களுக்குத் திறந்தவுடன் காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது.

மற்றவர்களுக்கு ஒன்று. எதிரில் கத்துகிற பிள்ளை எந்தப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவோ அப்பாவோ எழுந்து கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகள் தனியாகச் சுற்றக் கேட்கிறார்கள். விடலாமா?

விடலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று பேசிக்கொண்டு. பைன் காட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஸ்கூட்டர் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. இந்தப் பனிமூட்டத்திலும் வளைவிலும் சட்டம் அடுத்த கவலைதான்.

தங்கும் இடத்தில் எவ்வளவு சத்தம் போடலாம்?

இங்கே பழைய வீடுகளில் மரத்தரை. மேலே ஒரு பிள்ளை குதித்தால் கீழ் அறையில் இருப்பவருக்குக் கூரையே இறங்குவது போல இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் காலுறையோடு நடக்கச் சொல்லுங்கள். பகலில் முற்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தி விளையாடட்டும். ஏதாவது உடைந்தால் பில்லில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி முடித்துவிடாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். போன சீசனில் ஒரு பையன் எங்கள் ஜெரேனியத் தொட்டியைப் பந்தால் உடைத்துவிட்டான். அவன் அம்மா அவனோடு உட்கார்ந்து மண்ணை அள்ளி, செடியை ஒரு பழைய வாளியில் நட்டுவிட்டுத்தான் எழுந்தார். காசு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மலர்க்காட்சிக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

உள்ளே போகும் முன்பே பிள்ளையை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அன்றைக்குப் போட்ட சட்டையோடு. உங்கள் நம்பரைச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் போடுங்கள். "அம்மாவைக் காணோம்னா அங்கேயே நில்லு, நான் திரும்பி வருவேன். வரலைன்னா காக்கிச் சட்டை போட்டவங்ககிட்ட போ" என்று இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தொலைந்ததும் ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் நுழைவாயிலுக்குப் போய் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். உடனே 112க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ம் இரவு பகல் இயங்குகிறது. யாருடைய பிள்ளையாவது தனியாக அழுதுகொண்டு நின்றால், அதை வேறு இடத்துக்குக் கூட்டிப் போகாமல் கூடவே நின்றுகொண்டு அருகிலுள்ள காவலரைக் கூப்பிடுங்கள்.